நீட்டில் 50 பெர்சென்டைல் என்றால் 360 மதிப்பெண் இல்லை

நீட்டில் தகுதி பெற 50 பெர்சென்டைல் வேண்டும், 720-க்கு அது 360, அதற்குக் கீழே எடுத்தவர்கள் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. பெர்சென்டைல் என்பது மொத்த மதிப்பெண்ணில் இத்தனை சதவீதம் என்ற கணக்கே அல்ல, தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் மதிப்பெண்ணோ அதைவிடக் குறைவாகவோ எடுத்திருக்கிறார்கள் என்பதுதான். அதனால்தான் கட்ஆஃப், அதாவது தகுதி பெறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், வருடத்துக்கு வருடம் மாறுகிறது. பொதுப்பிரிவுக்கு 2023-இல் 137, 2025-இல் 144. 360-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை பாருங்கள். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40 பெர்சென்டைல் போதும், 2025-இல் அது 113. (தகுதி பெற்றாலே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது, அது வேறு கதை.)

சந்தேகம் இருந்தால் தேசியத் தேர்வு முகமை ரிசல்ட்டோடு வெளியிடும் அறிக்கையைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் பெர்சென்டைலும் அதற்கான மதிப்பெண் வரம்பும் தனித்தனியாக இருக்கும். அதைத் தேட நேரமில்லை என்றால், ஏற்கெனவே எழுதிய யாருடைய ஸ்கோர் கார்டையாவது வாங்கிப் பாருங்கள், அதிலும் மதிப்பெண் ஒரு எண்ணாகவும் பெர்சென்டைல் இன்னொரு எண்ணாகவும்தான் இருக்கும்.