பல் எத்தனை என்று சொல்லுங்களேன்!

நட்டு, போல்ட்டை முன்னும் பின்னும் ஆட்டியே திருப்ப உதவும் கைப்பிடிக் கருவியான ராட்செட்டில், கால் இஞ்ச் அளவில் ஒன்று வாங்கப் போனால், பெட்டியில் எத்தனை சாக்கெட் (நட்டின் மேல் பொருந்தும் குமிழ்) என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ராட்செட்டின் உள்ளே இருக்கும் சக்கரத்தில் எத்தனை பல் என்று மட்டும் எங்கும் இல்லை. எனக்கு வேண்டியதே அதுதான். 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 10 டிகிரி திரும்ப வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இன்ஜினுக்குப் பின்னால் கை நுழையவே இடமில்லாத மூலையில் அந்த வித்தியாசம்தான் எல்லாம். அப்படி ஒரு நட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சரி, தேடிப்பிடித்து நல்லதாக ஒன்று வாங்கினேன். இரவல் வாங்கிப் போனவர் துருப்பிடித்த போல்ட்டில் மாட்டி, கைப்பிடியில் குழாயைச் செருகி அழுத்தியிருக்கிறார். இவ்வளவு சின்ன ராட்செட் அதற்கா? இறுக்கத்தை விடுவிக்கத்தானே நீளமான பிரேக்கர் பார் இருக்கிறது! பல் நழுவ ஆரம்பித்ததும், சரிசெய்வதாக நினைத்துக் கெட்டியான பேரிங் கிரீஸை உள்ளே அப்பியிருக்கிறார். பல்லைப் பிடிக்கும் கொக்கியைத் தள்ளுவது ஒரு குட்டி ஸ்பிரிங். அது அந்தப் பிசினுக்குள் எப்படி வேலை செய்யும்?

பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். கொக்கி இப்போது சுலபமாக அசைகிறது. ஆனால் மழுங்கிய பல் மழுங்கியதுதான். மாற்று உதிரிபாகம் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.