ஆதாரம் கொண்டு வந்தால்தான் ஆராய்வார்களாம்

மகனின் சிறப்புக் கல்வித் தேவையை மதிப்பிடுங்கள் என்று விண்ணப்பித்திருந்தேன். எங்கள் ஊர் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், கடிதம் வந்துவிட்டது. மகனுக்கு உதவி தேவையில்லை என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு கொதிப்பு வந்திருக்காது. தேவையா இல்லையா என்று பார்க்கவே மாட்டோம் என்கிறார்கள்!

இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்காதவர்களுக்கு இது விளங்காது. படிப்பில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குப் பாடசாலை வழக்கமாகச் செய்யும் உதவி போதாவிட்டால், கவுன்சில் ஈ.எச்.சி. திட்டம் (கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம்) ஒன்றை எழுதித் தர வேண்டும். அதில் எழுதப்பட்ட கல்வி உதவியைக் கொடுத்தே ஆக வேண்டும். கை விரிக்க முடியாது. அந்தத் திட்டத்துக்கு முதற்படிதான் மதிப்பீடு. மதிப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கவுன்சிலுக்கு ஆறு வாரம். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆம் பிரிவு அதற்கு வைத்திருப்பது மிகத் தாழ்ந்த வாசற்படி. பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருக்கக்கூடும், திட்டம் வேண்டியிருக்கலாம் என்று தோன்றினாலே மதிப்பிட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஓர் உத்தேசக் கணிப்பே போதும் என்று மேல் தீர்ப்பாயமும் 2016இல் சொல்லிவிட்டது.

எங்களுக்கு வந்த கடிதத்திலோ காரணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிப்படுத்தவில்லையாம். அந்த மருத்துவரைப் பார்க்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று இவர்களுக்குத் தெரியாதா? மருத்துவச் சான்று வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? அடுத்தது, கல்வி உளவியலாளரின் அறிக்கை இணைக்கப்படவில்லையாம். மதிப்பீடு தொடங்கினால் அந்த அறிக்கையைப் பெற வேண்டியதே கவுன்சிலின் வேலை. இரத்தப் பரிசோதனைக்குப் போனவரிடம் முடிவைக் கையோடு கொண்டு வந்தீர்களா என்று கேட்கிற கூத்து இது. காசுள்ளவர்கள் தனியாரிடம் எழுதி வாங்கி இணைத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள்?

பாடசாலை தன் நிதியிலிருந்து ஆண்டுக்கு 6,000 பவுண்ட் வரை செலவழித்துக் காட்டவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பாடசாலையிடம் பணம் இல்லாததற்கு என் மகன் என்ன செய்வான்? சிறப்புத் தேவைக்குப் பொறுப்பான ஆசிரியை, பாவம், நல்ல மனுஷி. நீங்களே விண்ணப்பியுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னவரும் அவர்தான்.

எனக்கு இரத்தம் கொதித்த வரி வேறொன்று. வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கலாமாம். அவன் தமிழிலும் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை, ஐயா! விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதியிருந்தேன். வீட்டுமொழி வேறு என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்று முத்திரை குத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நம் பிள்ளைகளைக் காக்க எழுதிய அந்தப் பாதுகாப்பையே இவர்கள் கதவைச் சாத்தப் பயன்படுத்துகிறார்கள். வகுப்பில் அமைதியாக இருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆம், மூன்றரை மணி வரை அடக்கிக்கொண்டு இருக்கிறான். வீட்டு வாசலைத் தாண்டியதும் அவன் படுகிற பாட்டை, இந்த முடிவை எடுத்த கவுன்சில் குழுவில் யார் பார்த்தார்கள்? குழு என்கிறார்களே, அவர்கள் என் மகனைப் பார்த்ததும் இல்லை, எங்களைக் கூப்பிட்டதும் இல்லை. காகிதத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள்.

இந்த மறுப்பு, பெற்றோரின் மேல்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயத்தில் நிற்குமா என்று பாருங்கள். 2022–23 கல்வியாண்டில் கவுன்சில் முடிவுகளை எதிர்த்த மேல்முறையீடுகளில், விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவற்றில் 98 சதவீதம் முழுமையாகவோ பகுதியாகவோ குடும்பங்களின் பக்கம் போயின. வேறெந்த வேலையில் இப்படித் தோற்றுக்கொண்டே சம்பளம் வாங்க முடியும்?

ஆனால் கணக்கு அவர்களுக்குத் தெரியும். மறுத்தால் பலர் பேசாமல் போய்விடுவார்கள். கவுன்சிலே சொல்லிவிட்டது, இனி என்ன செய்வது என்று ஒதுங்கும் தமிழ்ப் பெற்றோரை நிறையவே பார்த்திருக்கிறேன். மேல்முறையீடு செய்ய, இரவு வேலை முடித்து வருகிறவர் முதலில் சமரச ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்து, அவரிடம் பேசியதற்குச் சான்றிதழ் வாங்கி, இரண்டு மாதக் கெடுவுக்குள் ஆங்கிலத்தில் வாதம் எழுத வேண்டும். விசாரணை நாளோ எத்தனையோ மாதங்களுக்கு அப்பால். அதுவரை மதிப்பீட்டுச் செலவு மிச்சம்.

கவுன்சில்களிடம் பணமில்லை என்பது உண்மைதான். இந்த அமைப்பு நிதி நோக்கில் தாக்குப்பிடிக்காது என்று தேசியத் தணிக்கை அலுவலகமே 2024இல் எழுதியது. அப்படியானால் பணமில்லை என்று கடிதத்தில் எழுதுங்கள்! அதை வைத்து நாங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுகிறோம். பணத் தட்டுப்பாட்டை மறைக்க, உங்கள் பிள்ளை போதுமான முன்னேற்றம் காண்கிறான் என்று பொய் எழுதாதீர்கள்.

கூடுதல் ஆதாரம் கிடைத்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கடிதத்தின் அடியில் அன்பாக ஒரு வரி வேறு. நான் மீண்டும் விண்ணப்பிக்கப் போவதில்லை. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் சட்டத்தில் எந்த வரி என்று தீர்ப்பாயத்தில் வந்து காட்டட்டும்.