மதிப்பெண் போடாத ஓர் அறை வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கங்களிடமும் கோயில் நிர்வாகக் குழுக்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் பாடினால் மதிப்பெண், ஆடினால் மதிப்பெண், குறள் சொன்னால் மதிப்பெண். ஐஸ்டெட்ஃபட் என்னும் கலைப் போட்டிகள் இல்லையென்றால் இந்த நாட்டில் தமிழ்ப் பாட்டு இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கலை என்றாலே மேடையும் கோப்பையும்தான் என்று ஆகிவிட்டது. மனம் நொந்து போனவர்களுக்குக் கலையை வைத்தே உதவும் முறையான சிகிச்சை ஒன்று உண்டு. எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி என்கிறார்கள். தமிழில் வெளிப்பாட்டுக் கலைச் சிகிச்சை எனலாம்.

2022 ஏப்ரல் வெள்ளம் நம் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலிவாங்கியது. என் பெரியம்மா பிழைத்துக்கொண்டார், வீட்டின் பின்சுவர் போய்விட்டது. அதற்கப்புறம் மழை தூறினாலே பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். தூக்கம் கிடையாது. என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு" என்பார்.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். (பெரியம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அந்தச் சிகிச்சையாளர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஓர் உருண்டை களிமண்ணைக் கொடுத்தார். பெரியம்மா அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார், தட்டையாக, செங்குத்தாக ஏதோ வந்தது. சிகிச்சையாளர் "இது என்ன?" என்று கேட்காமல், "இதுக்குப் பக்கத்துல நின்னா உங்க உடம்பு எப்படி நிக்கும்?" என்று கேட்டார். பெரியம்மா எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி, காலை ஊன்றி நின்றார். தொண்டையிலிருந்து மெல்ல ஒரு முனகல், அது ஒப்பாரி ராகத்தில் இழுத்தது. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "செவுத்தப் புடிச்சிக்கிட்டே நின்னேன். விடிய விடிய புடிச்சிக்கிட்டு நின்னேன்." குடும்பத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

மண்ணிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து குரலுக்கு, குரலிலிருந்து பேச்சுக்கு. இப்படி ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி.

ஓவியம், நடனம், நாடகம் என்று தனித்தனியான சிகிச்சைகள் இதற்கு முன்பே இருந்தன. காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், தான் வரைந்ததோடு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 1942-இல் அதற்கு ஆர்ட் தெரபி என்று பெயரிட்டவரும் அவரே. என்னை உலுக்கியது ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸின் கதை. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஷ்டாட்டில் அவர் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்ற சுமார் 4,500 குழந்தை ஓவியங்கள் தப்பிவிட்டன. அவரிடம் படித்த எடித் கிரேமர்தான் பின்னாளில் அமெரிக்காவில் ஓவியச் சிகிச்சையை வளர்த்தவர்களில் ஒருவர்.

கலைகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் முறை 1970-களில் அமெரிக்காவின் லெஸ்லி கல்லூரியில் உருவானது. ஷான் மெக்னிஃப், பாவ்லோ நில் போன்றவர்கள் முன்னின்றார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மகள் நட்டாலி ரோஜர்ஸும் தன் வழியில் இதை வளர்த்தார். இங்கே கலைத்திறமை தேவையில்லை. சுருதி பிசகினாலும் யாரும் திருத்தமாட்டார்கள்.

"நம்ம கிட்ட இல்லாததா? தெருக்கூத்து இல்லையா, ஒப்பாரி இல்லையா, காவடி இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள், அவர்களை நொறுங்கவிடாமல் காத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும் அது வேறு, இது வேறு. காயத்தைத் திறந்தால் எங்கே நிறுத்துவது, திறந்தவரை எப்படிப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது என்று படித்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வண்ணப் பென்சில் கொடுக்கிறவர் எல்லாரும் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. மாத்திரை தேவைப்படுகிறவர்கள் அதை நிறுத்தவும் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்னது. நம் நாட்டிலேயே பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சையும், ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகச் சிகிச்சையும் படிக்கலாம். கலைச் சிகிச்சையாளர்கள் சுகாதாரத் தொழிலர் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். ஆக, ஆளைத் தேட ஒரு வழி இருக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். சனிக்கிழமை மதியம் பூட்டியே கிடக்கும் கோயில் மண்டபத்தில் ஓர் அறை. பரிசளிப்பு விழாச் செலவில் ஒரு பங்கு, பதிவுபெற்ற சிகிச்சையாளரின் கட்டணத்துக்கு. பார்வையாளர் வேண்டாம், நடுவர் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் போட போட்டோவும் வேண்டாம். எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நானே முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும், வருகிறவர்கள் சொல்லுங்கள்.