எங்கள் நோட்டீஸில் இல்லாத கோரிக்கை

மருந்தாளுநர் சங்கத்தின் ரசீது புத்தகம் இந்த ஒரு வருஷமும் என் பையில்தான் கிடந்தது. பொருளாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள், பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் பாதி உறுப்பினர்களுக்குப் போன் வந்துவிடும், அவ்வளவுதான். ஜனவரியில் டைரி அட்டை என்ன கலர் என்று இரண்டு மணி நேரச் சண்டை. கோடையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஷாமியானா போட்டு ஆர்ப்பாட்டம். செப்டம்பர் 25 மருந்தாளுநர் தினம், கேக். நவம்பரில் மழை, ஸ்டோரில் இருந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றினோம். 2018இல் கஜாவைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆர்ப்பாட்டத்தில் கேட்டது வழக்கம்போலக் காலிப் பணியிடம், பதவி உயர்வு. நியாயமானதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதே பெரும்பாலும் ஒரு மருந்தாளுநர், அவர் லீவு போட்டால் நர்ஸம்மா மாத்திரை கொடுக்க வேண்டியதுதான். டாக்டர் எழுதிய சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டம், 42ஆவது பிரிவு, தெளிவாகச் சொல்கிறது. அதை மைக்கில் முழங்கினோம். முடிந்ததும் எதிரில் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "ஏன் தம்பி, சம்பளம் பத்தலையா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், அவர் கேட்டதில் என்ன தப்பு? நாங்கள் கொடுத்த நோட்டீஸில் அவருக்கென்று ஒரு வரியும் இல்லையே.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் ஓபி நாளில் ஜன்னலுக்கு வெளியே வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கும். சீட்டை வாங்கு, ஸ்ட்ரிப்பை வெட்டு, "இது காலை, இது ராத்திரி", அடுத்த ஆள். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அப்படி ஒரு அம்மாவுக்கு, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிற கிளிபிசைடு மாத்திரை கொடுத்தேன். "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க." பாடப்புத்தகப்படி சரி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரைதான்.

அது நடவுக் காலம். அந்த அம்மா விடிவதற்கு முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவருக்குச் சாப்பாடு என்பது பத்து மணிக்கு மேல் வரப்பில் உட்கார்ந்து தூக்கைத் திறக்கும்போதுதான். நானும் இந்த ஊர்க்காரன், என் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான், எனக்கா தெரியாது? ஆனால் அந்த அரை நிமிஷத்தில் "எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவீங்க" என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, நாற்று முடியோடு சேற்றில் சாய்ந்திருக்கிறார். கூட நட்டவர்கள் நல்லவேளை தூக்குவாளியில் வந்த டீயில் இன்னும் சர்க்கரை போட்டுக் கொடுத்து ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரிதான் சார் போட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "இதெல்லாம் வெளியில பேசாதீங்க தோழர்" என்றார் ஒருவர். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வரும் மூத்த தோழர் ஒருவர் மட்டும் எழுந்து, தான் மாத்திரைக் கவரில் பேனாவால் சூரியனும் பிறையும் போட்டுக் கொடுப்பதாகவும், படம் போடும் நேரத்தில்தான் ஜனங்கள் வாய் திறந்து பேசுகிறார்கள் என்றும் சொன்னார். அந்தக் கூட்டத்தில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வந்ததிலிருந்து மாநிலத்துக்கே மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் இறக்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பாஸ்புக்கில் எழுதி எடுக்கிற ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. வெளி மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடு. மாத்திரை ஜன்னல் வரைக்கும் வந்துவிடுகிறது, அதை எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து சொல்லத்தான் ஆள் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

சங்கத்தால் முடியாது என்றும் சொல்ல மாட்டேன். சம்பா அறுவடை சமயம் பாம்புக்கடி கூடும். விஷமுறிவு மருந்தை ஆரம்பிக்கும்போதே பத்து குப்பி வரை ஏற்ற வேண்டியிருக்கும், சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ராத்திரியில் இரண்டு பேர் வந்தால் இருப்பு காலி. அப்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "யாரிடம் இருக்கிறது" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் பதில் வரும், குப்பி வண்டி ஏறிவிடும், எழுத்து வேலை விடிந்த பிறகு. டைரி கலருக்குச் சண்டை போட்ட அதே ஆட்கள்தான்.

இந்த வருஷ நோட்டீஸுக்கு "நோயாளியிடம் பேச நேரம் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்" என்று முதல் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதை ஏழாவதாகத் தள்ளி, பிறகு இடமில்லை என்று எடுத்தே விட்டார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்ற வேண்டும் என்று நினைக்கிற உறுப்பினர்கள் அதற்குள் அவருக்குப் போன் போடுங்கள். எனக்குப் போட்டால் சந்தா பாக்கியைக் கேட்பேன்.