டைரக்டர் யாருன்னு கடைசியில முடிவு பண்ணுங்க

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கும் பிள்ளைகளின் குறும்பட சீசன் ஆரம்பித்துவிட்டது. இன்பாக்ஸில் போஸ்டர்கள் வருகின்றன. கதை இன்னும் முடியவில்லை, லொகேஷன் கிடைக்கவில்லை, நடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'எ ஃபிலிம் பை' போட்டு ஒரு பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை. சவுண்ட் யார் என்று தேடினால் யாருமில்லை. புரொடக்‌ஷன் என்ற இடத்தில் 'நண்பர்கள்'.

நான் சவுண்டில் பிழைக்கிறவன். என் வயிற்றெரிச்சலை வேண்டிய அளவு கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாறு பேர் சேர்ந்து பத்து நிமிஷப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், யாருக்கும் ஆசையில்லாத வேலைகளுக்கு முதலில் ஆள் போடுங்கள். சவுண்ட், புரொடக்‌ஷன், அசிஸ்டென்ட் டைரக்டர். பிறகு கேமரா. டைரக்டர் கடைசி. அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் நின்றுபோன காலேஜ் படம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பெரிய சினிமாவில் இந்தப் பிரச்சினை வராது. '24 கிராஃப்ட்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியில் ஒளிப்பதிவாளருக்கு, லைட்மேனுக்கு, மேக்கப்புக்கு, டிரைவருக்கு என்று தனித்தனி சங்கம். யார் எதைத் தொடலாம் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். 1960இல் தொடங்கிய புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டிலும் சரி, நம் தரமணி ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டிலும் சரி, டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங், சவுண்ட் எல்லாம் தனித்தனிப் படிப்பு. அங்கே மாணவர் படம் என்றால் சவுண்ட் படித்த ஒருவர் அந்த யூனிட்டில் உரிமையோடு வந்து நிற்பார். விஸ்காமில் போட்டோகிராஃபி, விளம்பரம், பத்திரிகை, அனிமேஷன், சினிமா எல்லாம் ஒரே டிகிரிக்குள். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், 'இது என் வேலை' என்று சொல்ல மட்டும் ஆள் இருக்காது. 'எல்லாரும் எல்லாமும் பண்ணுவோம் மச்சி' என்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்பாட்டில் பார்த்தால் மானிட்டருக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள், தண்ணீர் கேன் தூக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சவுண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். 'டப்பிங்ல பாத்துக்கலாம்' என்பது நம் ஊர்ப் பழக்கம். பெரிய படத்துக்கு அது சரி, டப்பிங் தியேட்டர் இருக்கிறது, உதடு பார்த்துப் பேசப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் நடித்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. 'சாப்டியாப்பா' என்று கேமரா முன்னால் அவர் கேட்டது அள்ளிக்கொண்டு போகும். அதையே ஹாஸ்டல் அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, அதே வேகத்தில் திரும்பச் சொல்லச் சொன்னால் பாவம், என்ன செய்வார்? ஸ்பாட்டில் கிடைத்தால்தான் உண்டு.

அப்படிக் கிடைக்க ஒருவர் முழு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்து, ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணு. (பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போனால் ஃபிரிட்ஜை ஆன் பண்ணும் ஞாபகம் வரும். சவுண்ட்காரர்களின் பழைய தந்திரம், வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம்.) தெருவில் 'பழைய இரும்பு, பழைய பேப்பர்' ஸ்பீக்கர் வண்டி வருகிறது, அது தாண்டும்வரை டேக் போகாதே. கடைசியில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிஷம் ரூம் டோன் எடு, அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் சத்தம். பூம், அதாவது நீளக் கம்பில் மாட்டிய மைக், பிடித்தால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். இந்த ஆளிடம் போய் 'அப்படியே கிளாப்பும் அடிச்சிரு' என்பது அநியாயம்.

வேறு எதை எதோடு சேர்க்கலாம்? கேமராவும் லைட்டிங்கும் ஒருவரே பார்க்கலாம், பக்கத்தில் ஒரு உதவி இருந்தால். டைரக்டரே எடிட்டராகவும் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு நாள் வேலை. டைரக்டரே கேமராவைப் பிடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ஃபோகஸைப் பார்க்கிற கண்ணுக்கு முகம் தப்பிவிடும், நடிப்பவர் டேக் முடிந்து திரும்பிப் பார்த்தால் பதிலுக்குப் பார்க்க ஆளிருக்காது. எடிட்டர் தனி ஆள் என்றால் ஸ்பாட்டுக்கு வரவழைத்து எந்த ஷாட், எத்தனையாவது டேக் என்று குறிக்கும் லாக் ஷீட்டை அவர் கையில் கொடுங்கள். எடிட்டர் ஸ்பாட் பக்கமே வரக்கூடாது, பட்ட கஷ்டம் தெரிந்தால் ஷாட்டை வெட்ட மனசு வராது என்று சொல்லும் கட்சியும் உண்டு. நியாயம்தான். ஆனால் ஐந்து பேர் யூனிட்டில் அந்தச் சொகுசுக்கு இடமில்லை. முந்தின ஷாட்டில் டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று அவரைவிட அக்கறையாக யார் பார்ப்பார்? மெமரி கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துச் சரிபார்க்காமல் ஃபார்மேட் பண்ணவும் விடமாட்டார்.

அசிஸ்டென்ட் டைரக்டர் என்றால் நம் பிள்ளைகளுக்கு எடுபிடி என்று நினைப்பு. வாட்ச் பார்க்கிற ஆள் அவர்தான். பத்துப் பக்க ஸ்கிரிப்ட், இரண்டு நாள் ஷூட், வீட்டுக்கார அம்மா ஊரிலிருந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். 'இந்த ஷாட் போதும், அடுத்தது' என்று டைரக்டரிடம் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் உள்ளவருக்கு இதைக் கொடுங்கள். டைரக்டரின் உயிர்த்தோழனுக்குக் கொடுத்தால் முதல் சீனிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

டைரக்டர் கையில் போன் இருக்கக்கூடாது. மேக்கப் அக்கா எங்கே வருகிறார், பிரியாணி எத்தனை பொட்டலம், காலேஜ் கடிதம் யாரிடம் இருக்கிறது, எல்லாம் புரொடக்‌ஷனுக்குப் போகட்டும். அந்த ஆளிடம் காசை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். செலவுக்கு ஒவ்வொரு முறையும் டைரக்டரிடம் வந்து நின்றால் வேலையைப் பிரித்து என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, பெண்கள் இருக்கிற குழு என்றால் காஸ்ட்யூம், மேக்கப், கன்டினியூட்டி, சாப்பாடு நாலும் யாரும் கேட்காமலே அவர்கள் தலையில் போய் விழுகிறது. கேமரா கேட்டால் 'வெயிட்டும்மா' என்கிறார்கள். இன்றைய மிரர்லெஸ் கேமரா பாடி பெரும்பாலும் ஒரு கிலோகூட இல்லை. சாம்பார் அண்டா அதைவிட வெயிட், அதைத் தூக்கும்போது யாரும் தடுக்கவில்லையே?

இதில் வாத்தியார்கள் பங்கும் இருக்கிறது. இன்டர்னல் மார்க் முழுக்க டைரக்டர் பெயரைப் பார்த்துப் போனால் பூம் பிடிக்க யார் வருவார்? வைவாவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்றாவது டேக் ஏன் என்.ஜி. (நோ குட்) ஆனது, ரூம் டோன் எப்போது எடுத்தாய், வாடகை லைட் எத்தனை மணிக்குத் திரும்பிப் போனது. பதில் சொல்கிற பிள்ளைக்கு டைரக்டருக்குப் போடுகிற அதே மார்க்கைப் போடுங்கள்.