அலி ஏன் அந்த ஓர் அடியை எடுத்து வைக்கவில்லை

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா, என் அறைச் சுவரில் இருக்கும் குத்துச்சண்டை வீரர் முகமது அலி படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1980இல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, லீவில் ஊருக்கு வந்திருந்த இவர் கூட்டத்தில் முட்டி மோதி உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவரே இப்போது கேட்டார்: "ஆட்டக்காரன்னா அவன்தான்டா, அதுல பேச்சே இல்ல. ஆனா நாடு கூப்பிட்டப்போ வரமாட்டேன்னு நின்னவன். அவனைப் போய் வீரன்னு மாட்டி வெச்சிருக்கியே?"

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ராணுவத்தில் உழைத்த மனிதரின் கேள்வி அது, மழுப்பியிருக்கக் கூடாது. அதனால்தான் இந்தப் பதிவு.

வியட்நாம் போருக்காக அமெரிக்க அரசு கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டபோது அலி ஏன் மறுத்தார் என்று கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி, மதத் தலைவர் சொன்னதைக் கேட்டு ஆடியவர் என்பது ஒன்று. ஆரம்பத்திலிருந்தே போரை எதிர்த்த மகான் என்பது இன்னொன்று. அவர் என் தெய்வம் மாதிரி. இருந்தாலும் சொல்கிறேன், இரண்டாவது பதிலும் உண்மையில்லை.

1964இல் ராணுவம் வைத்த எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. 30 வேண்டிய இடத்தில் அவருக்குக் கிடைத்தது 16. 'நான்தான் மிகப் பெரியவன் என்று சொன்னேன், மிகப் பெரிய புத்திசாலி என்று சொல்லவில்லையே' என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வியட்நாமுக்கு ஆள் போதாமல் தேர்ச்சி மதிப்பெண்ணை 15 ஆக்கினார்கள். 1966 பிப்ரவரி 17 அன்று அவர் போருக்குப் போகத் தகுதியானவர் பட்டியலுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு அவர் மியாமியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். நிருபர்கள் விடாமல் போன் செய்தார்கள், வாசலுக்கே வந்தார்கள். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது போருக்கு எதிரான பேச்சே இல்லை. 'ஏன் நான்?' என்றுதான் கேட்டார். மறுபடி தேர்வு வைக்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்றார். என் வரிப் பணத்தில் வருஷத்துக்கு எத்தனை குண்டு, எத்தனை போர் விமானம் வாங்குகிறீர்கள் என்று கோபப்பட்டார். நம் வீட்டுப் பையன் யாராவது அந்த இடத்தில் இருந்தாலும் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பான். கேட்டவர்களே திரும்பத் திரும்பக் கேட்டு, சாயங்காலத்துக்குள் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது: 'அந்த வியட்காங்கோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.' வியட்காங் என்றால் வியட்நாமில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. சிகாகோவில் நடக்க இருந்த போட்டி நின்றுபோய், கனடாவின் டொரன்டோவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வாய் தவறி வந்த சொல்லாகவே இருந்தாலும், அதன் பின்னால் நிற்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது அவர்தான்.

மதம் ஒரு காரணமா? சந்தேகமே வேண்டாம், பெரிய காரணம். அலி சேர்ந்திருந்த, அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மது இரண்டாம் உலகப் போரின்போதே கட்டாய ராணுவ சேவையை மறுத்துச் சிறைக்குப் போனவர். அவர் காட்டிய வழியில் அலி நடந்தார். அந்தக் கீழ்ப்படிதலுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அதே இயக்கத்தில் இருந்து எலைஜாவை விட்டுப் பிரிந்துபோன மால்கம் எக்ஸை 1964இல் கானாவில் எதிரே பார்த்தபோது, தன்னை வழிநடத்திய அந்த மனிதருக்கு அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வருஷமே மால்கமைச் சுட்டுக் கொன்றார்கள். அலி பிற்காலத்தில் மிகவும் வருந்திய விஷயம் இது. தலைவர் சொல்லைத் தட்டாதவர் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை.

அடுத்தது நிறம். அவர் பிறந்த ஊர் கென்டக்கியில் இருக்கும் லூயிவில். ஒலிம்பிக் தங்கத்தோடு திரும்பி வந்த பிறகும் அந்த ஊரில் கறுப்பர்களுக்குத் தனி நியாயம்தான். 1967இல் அங்கே கறுப்பின மக்கள் விரும்பிய இடத்தில் வீடு எடுக்கும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அலி அங்கே போய்ப் பேசினார். லூயிவிலில் என் மக்களை நாயைப் போல நடத்துகிறார்கள், சாதாரண மனித உரிமை கூடக் கிடையாது, நான் எதற்கு 10,000 மைல் தாண்டிப் போய் இன்னொரு பழுப்பு நிற மக்கள் மேல் குண்டு போட வேண்டும் என்று கேட்டார். அரசுத் தரப்பு வக்கீல்கள் பிடித்துக்கொண்டதும் இந்த மாதிரிப் பேச்சைத்தான். பாருங்கள், இது அரசியல், இது இன உணர்வு, மத நம்பிக்கை எங்கே இருக்கிறது என்றார்கள்.

ஆனால் ஒரு மனிதனுக்குள் மதம் தனி டப்பாவிலும் அரசியல் தனி டப்பாவிலுமா இருக்கும்? வெள்ளைக்காரனின் கோயிலில் இடமில்லாதவனுக்குக் கிடைத்த மதம் அது. அதில் இனத்தின் வலி கலந்துதான் இருக்கும்.

மத நம்பிக்கையால் போருக்கு வர முடியாது, விலக்கு வேண்டும் என்று அலி போட்ட மனுவின் மேல் 1966 ஆகஸ்டில் லூயிவிலில் ஒரு விசாரணை நடந்தது. இதைப் பற்றி நம்மூரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. விசாரித்தவர் லாரன்ஸ் கிராமன், ஓய்வு பெற்ற நீதிபதி. அலியின் அம்மாவும் அப்பாவும் வந்து சாட்சி சொன்னார்கள். அப்பா விளம்பரப் பலகையும் சர்ச் சுவர்களில் படமும் வரைகிற பெயின்டர். மகன் சேர்ந்த இயக்கம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, கேசியஸ் க்ளே என்ற தன் பெயரையே மகன் தூக்கிப் போட்டுவிட்டான் என்ற வருத்தம் வேறு. அப்படிப்பட்ட அப்பா வந்து மகனுக்காக உட்கார்ந்தார். எல்லாரையும் கேட்டு முடித்த கிராமன் எழுதிக் கொடுத்தது: இவர் நல்ல குணமுள்ளவர், எந்தப் போரிலும் பங்கேற்க மாட்டேன் என்று மத அடிப்படையில் இவர் சொல்வது உண்மையான நம்பிக்கை. அலியை எதிரே உட்கார வைத்து, நெஞ்சில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே அரசு நியமித்த மனிதர் சொன்ன தீர்ப்பு இது. அரசின் நீதி இலாகா அதை ஒதுக்கித் தள்ளியது. ராணுவ ஆள்சேர்ப்புக்கான மேல்முறையீட்டு வாரியமும் காரணம் எதுவும் சொல்லாமல் மனுவைத் தள்ளிவிட்டது.

1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் எர்னி டெரலோடு ஆட்டம். டெரல் அவரை 'க்ளே' என்ற பழைய பெயரில் கூப்பிட்டதற்காக, 15 ரவுண்டும் என் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு அடித்தார். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்காது, அதில் கொடூரம் இருந்தது. அதே ஹூஸ்டன் நகரில், ஏப்ரல் 28 அன்று, ராணுவ ஆள்சேர்ப்பு நிலையத்தில் அவரோடு சுமார் 25 பையன்கள் வரிசையில் நின்றார்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், ராணுவத்தில் சேர்ந்ததாக அர்த்தம். கேசியஸ் க்ளே என்று கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. தனியே அழைத்துப்போய், 5 வருஷம் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று எடுத்துச் சொன்னார்கள். திரும்பக் கூட்டி வந்து மறுபடி கூப்பிட்டார்கள். அதே இடத்தில் நின்றார். பிறகு, இஸ்லாமிய மத போதகர் என்ற முறையில் எனக்கு விலக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு அவர் தந்த அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று: சிறை அல்லது ராணுவம் என்று இரண்டே வழிதான் எனக்கு இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன, இன்னொரு வழி இருக்கிறது, அது நீதி.

அன்றைக்கே நியூயார்க்கில் லைசென்ஸ் போயிற்று, சாம்பியன் பட்டமும் போயிற்று. ஜூன் 20 அன்று ஜூரிகள் 21 நிமிஷத்தில் குற்றவாளி என்றார்கள். சட்டத்தில் இருந்த அதிகபட்சத் தண்டனை கிடைத்தது. அப்பீலில் வெளியே இருந்தார், ஆனால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டதால் வெளிநாட்டிலும் ஆட முடியாது.

பெரியப்பா, பயந்து மறுத்தார் என்றால் எதற்குப் பயந்தார் என்று யோசித்துப் பாருங்கள். உலக சாம்பியனை வியட்நாம் காட்டுக்குள் துப்பாக்கியோடு அனுப்பியிருப்பார்களா? இரண்டாம் உலகப் போரில் அன்றைய குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ் செய்த மாதிரி, முகாம் முகாமாகப் போய்க் காட்சிப் போட்டி ஆடிவிட்டு வந்திருக்கலாம். அந்த வழி இருப்பதை அவரைச் சுற்றியிருந்தவர்களே அவரிடம் சொன்னார்கள். சத்தமில்லாத வழிகளும் எவ்வளவோ இருந்தன. கல்லூரியில் படிப்பவனுக்கு விலக்கு. பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்கள் பலர் நேஷனல் கார்டு என்ற உள்நாட்டுப் படையில் இடம் பிடித்து வியட்நாம் போகாமல் இருந்துகொண்டார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. சிறைக்கு அனுப்பக்கூடிய வழியைத்தான் இவர் பிடித்துக்கொண்டார்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் இனவெறியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாக்கி ராபின்சன், பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்த பெரிய மனிதர். அவர் மகனே வியட்நாமில் காயம்பட்டவன். அங்கே போராடும் கறுப்பினப் பையன்களின் மனதை அலி நோகடிக்கிறார் என்று அவர் சொன்னதில் ஓர் அப்பாவின் வலி இருக்கிறது. உங்கள் கேள்வியிலும் அதே வலிதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

1967 ஜூனில் கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுன், பில் ரஸ்ஸல், பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ ஆல்சின்டர் உட்படக் கறுப்பின விளையாட்டு நட்சத்திரங்கள் பலர் அலியை ஓர் அறையில் வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவர்களில் சிலர் ராணுவச் சீருடை போட்டவர்கள். வெளியே வந்து அவர் பக்கம் நின்றார்கள். அலியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மீதி இருக்கும் நம்மைப் பற்றித்தான் கவலை என்ற பொருளில் ரஸ்ஸல் எழுதினார்.

இத்தனையையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது 1969. பணம் தேவைப்பட்டால் மறுபடி குத்துச்சண்டைக்கு வருவேன் என்று அலி டிவியில் சொல்லிவிட்டார். எலைஜா முஹம்மதுக்குக் கோபம். இயக்கத்திலிருந்து அலியை ஒதுக்கி வைத்தார், தான் கொடுத்த 'முகமது அலி' என்ற பெயரையே இனி சொல்ல மாட்டோம் என்று இயக்கப் பத்திரிகையில் அறிவித்தார். எந்தப் பெயருக்காக டெரலை அப்படி அடித்தாரோ அந்தப் பெயர். அலிக்கு அப்போது 27 வயது, உடம்பு உச்சத்தில் இருக்க வேண்டிய வயது. பட்டம் இல்லை, லைசென்ஸ் இல்லை, தலைக்கு மேல் 5 வருஷத் தண்டனை. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிக் கிடைத்த காசில் குடும்பம் ஓடியது. தலைவர் சொன்னதற்காக மட்டும் மறுத்திருந்தால், தலைவரே கைவிட்ட பிறகு அதில் என்ன பிடிப்பு மிச்சம் இருக்கும்? அரசோடு ஒரு சமரசம் பேசி முடித்திருக்கலாம். அவர் பேசவில்லை. எலைஜாவை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை.

'ஏன் நான்?' என்ற புலம்பலில் ஆரம்பித்தது, குருவின் சொல்லைப் பிடித்து வளர்ந்தது, லூயிவில் தெருவில் கோபமாக மாறியது. 1969இல் யார் துணையும் இல்லாதபோது அது அவருடைய சொந்த நம்பிக்கையாகத்தான் இருந்தது. முதல் நாளே தெளிவாக இருந்திருந்தால் நான் அவரை இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

1970 அக்டோபரில் அட்லான்டாவில் ஜெர்ரி குவாரியோடு திரும்ப ரிங்கில் ஏறினார். மூன்றரை வருஷம் போயிருந்தது. கால்களில் அந்தப் பழைய வேகம் அதற்கப்புறம் வரவே இல்லை. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. அவர் செய்தது சரி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. எந்தக் காரணத்துக்காக மனுவைத் தள்ளினோம் என்று வாரியம் சொல்லவே இல்லை, அரசு முன்வைத்த மூன்று காரணங்களில் இரண்டை அரசே பிறகு கைவிட்டுவிட்டது, அதனால் தண்டனை செல்லாது என்றது, அவ்வளவுதான். உள்ளே முதலில் அலிக்கு எதிராகத்தான் பெரும்பான்மை இருந்தது. நீதிபதி ஹார்லன் எலைஜாவின் எழுத்துகளைப் படித்துவிட்டு மனம் மாறியதால்தான் எல்லாம் புரண்டது.

போன வாரம் பெரியப்பாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தீர்ப்புக்குப் பிறகு, உங்கள் வருஷங்களை வீணாக்கியவர்கள் மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவீர்களா என்று அலியிடம் கேட்டார்கள், இல்லை, அவர்களுக்குச் சரி என்று பட்டதை அவர்கள் செய்தார்கள், எனக்குப் பட்டதை நான் செய்தேன் என்று சொல்லிவிட்டார் என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியா சொன்னான்?" என்றார். அப்புறம், "அந்தப் படம் எங்க வாங்கின?" என்று கேட்டார்.