ஸ்நார்க்கல் குழாயை நீட்டாதீங்க

ஸ்நார்க்கல்னா முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு நீந்தும்போது மூச்சு விட வாயில கவ்விக்கிற குழாய். இங்க ஒருத்தர், "ஸ்நார்க்கல்ல 2 அடி பிவிசி பைப் மாட்டினா புதுச்சேரி கடல்ல இன்னும் ஆழமா போகலாம்"னு எழுதியிருக்கார். தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. விட்ட மூச்சு நீளக் குழாய்லயே தங்கி, அடுத்த இழுப்புல அதே கரியமில வாயுதான் உள்ளே வரும், தலை கிறுகிறுக்கும். அதைவிட மோசம், 1 மீட்டர் ஆழத்துல நெஞ்சோட ஒவ்வொரு சதுர செ.மீ. மேலயும் தண்ணி 100 கிராம் கனத்துக்கு அழுத்தும். அதை எதிர்த்து மூச்சிழுக்க விலாத் தசைக்குத் தெம்பு பத்தாது. கடைக் குழாய் சுமார் 40 செ.மீ.யோட நிக்கிறது அதனாலதான்.

ஆழம் பார்க்கணும்னா மூச்சைப் பிடிச்சு முங்குங்க, மேலே ஒரு துணையாள் உங்களையே பார்த்துக்கிட்டிருக்கணும். முங்குறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு வாங்காதீங்க. தண்ணிக்குள்ளயே மயக்கம் வந்துடும். ஐப்பசி, கார்த்திகையில கடல் கலங்கிக் கிடக்கும், அப்ப இறங்கவே வேண்டாம்.